கெழக்கு வீதி மேடு

வாங்க தம்பி, இந்தத் திட்டு மேல உக்காருங்க. வெயிலு ஏறிப்போச்சு. இந்தப் பக்கம் நெழலுன்னா டேங்க்கு நெழலு ஒண்ணுதான். டேங்க்கு நெறையறதுக்கு இன்னும் நேரமிருக்குது, அது வரைக்கும் எனக்கும் சோலியில்லை.

தலைவரப் பத்தி ஊருக்குள்ள கேட்டுட்டு வர்றீங்களாமா. நல்லாச் செய்யறாரா, பரவால்லையா, மோசமான்னு மூணுல ஒண்ணச் சொல்லச் சொல்றீங்களாமா. சொல்லியிருப்பாங்களே. ஒரு வீதியில தங்கம்னு சொல்லியிருப்பாங்க, அடுத்த வீதிக்குப் போனா வெளக்கமாத்த எடுத்திருப்பாங்க. உங்களுக்கு முந்தி ஒரு பத்திரிகைக்காரரு வந்தாரு. அவரும் இதே திட்டுல உக்காந்து, இதென்னங்க ஒரே ஊரு, ஒரே தலைவரு, நடுவால ஒரு மாரியம்மன் கோயிலு, கோயிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சுன்னு தலையப் புடிச்சுக்கிட்டாரு.

ஆளாளுக்கு ஒரு காரணஞ் சொல்லுவாங்க. கட்சிம்பாங்க. கட்சியில்லீங்க, ரெண்டு வீதியிலயும் எல்லாக் கொடியும் இருக்குது. சாதிம்பாங்க. அதுவும் இல்லீங்க, ரெண்டு வீதியும் ஒரே சனம், பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தவங்க. என்ற அக்கா பாவாத்தாளையே மேக்கு வீதியில இருந்து கெழக்கு வீதிக்குத்தான் கட்டிக்குடுத்தோம். இங்க இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. அங்க போயித்தான் வாய் நீண்டுபோச்சு.

நானும் இதப் பத்தி நெம்ப நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்குத் தோணுறது என்னன்னா, வெயிலு. காலைல கெழக்கு வீதிக்காரனுக்கு வாசல்ல வந்து நின்னா வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது. எந்திரிச்ச ஒடனே மூஞ்சியச் சுளிச்சா அப்பறம் அன்னைக்குப் பூரா யாரப் பாத்தாலும் கோவந்தான் வரும். மேக்கு வீதிக்காரனுக்கு முதுகுலதான் அடிக்கும். வேற காரணம் எதுவும் எனக்குத் தட்டுப்படல.

நானுங்களா? ஆறுக்குட்டிங்க. ஊருக்குத் தண்ணி விடறவன். இந்தா உங்க காலுக்கிட்ட மூடி போட்டிருக்குதே, இதுதான் வால்வுக் குழி. உள்ள ரெண்டு வால்வு. ஒண்ணு மேக்கு வீதிக்கு, ஒண்ணு கெழக்கு வீதிக்கு. ரெண்டும் ஒரே டேங்க்குத் தண்ணிதான். இதச் சித்தெக் கொறைச்சா அதுக்கு எச்சாப் போகும், அதக் கொறைச்சா இதுக்கு. திருகற கம்பி என்ற கையில இருக்குது. வேற யாரும் இதத் தொட்டதில்லை. இருவது வருசமா இதே வேலை. எத்தனையோ தலைவருங்களப் பாத்துட்டேன், நான் எந்தப் பக்கமும் சாயாதவன். இத நீங்க எழுதிக்கலாம்.

இப்ப இருக்கற சென்னியப்பனப் பத்திச் சொல்லோணும்னா அதுக்கு முந்தி இருந்த அம்மிணியப் பத்திச் சொல்லோணுமுங்க. கமலவேணின்னு பேரு. கெழக்கு வீதிக் கடைசி வீடு. அந்த அம்மிணிக்காக உசுரக் குடுன்னு கேட்டாக் குடுத்திருப்பேன். கேக்கல, அவ்வளவுதான்.

ஏன்னு சொல்றேன். அவங்களுக்கு முந்தி இருந்த தலைவரு என்னையத் தண்ணின்னுதான் கூப்பிடுவாரு. ‘டேய் தண்ணி, காரக் கழுவு. டேய் தண்ணி, நாயப் புடிச்சுக் கட்டு.’ ஆபீசுக்குள்ள போனா வாசப்படிக்கு வெளியதான் நிக்கோணும். இந்த அம்மிணி தலைவரா வந்த மொத நாளு நான் வழக்கம்போல வெளிய நின்னேன். உள்ள இருந்து எட்டிப் பாத்து, ‘ஏனுங்ணா வெளிய நிக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க’ன்னாங்க. தம்பி, அந்த ஆபீசுல நீலக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் சேர் இருக்குதுங்க. அதுல அன்னைக்குத்தான் நான் மொத மொத உக்காந்தேன். உக்காந்து எந்திரிச்சு வெளிய வந்து இந்த டேங்க்குக்குப் பின்னால நின்னு அழுதேன். சொல்றதுக்கு வெக்கமில்லீங்க.

அது மட்டுமா. சுதந்திர தினத்தன்னைக்குக் கிராம சபை. ஊரே உக்காந்திருக்குது. மைக்கப் புடிச்சு, ‘நம்ம ஆறுக்குட்டியண்ணன் ஒரு நாளு லீவு போட்டாருன்னா நம்ம ஊரு நாறிப்போயிரும்’னு சொன்னாங்க. எல்லாருங் கை தட்டுனாங்க. என்ற சம்சாரம் அன்னைக்கு ராத்திரி எனக்கு ரெண்டு முட்டை பொரிச்சுக் குடுத்தா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த அம்மிணி அடுத்த தடவையும் ஜெயிக்கோணும், அதுக்கு நம்மால ஆனதச் செஞ்சுபோடோணும்னு.

அவங்க நல்லாச் செஞ்சாங்களான்னு கேட்டீங்கன்னா, செஞ்சதும் உண்டு, செய்யாததும் உண்டுங்க. தெருவெளக்குப் போட்டாங்க. ரெண்டு வீதிக்கும் ரோடு போட்டாங்க. ரோட்ட ஆக்கிரமிச்சுக் கட்டுன மாட்டுக் கொட்டாயெல்லாம் பிரிக்கச் சொன்னாங்க, அதுல சில பேருக்குக் கோவம். நூறு நாள் வேலைக்கு வராமக் கையெழுத்துப் போடக்கூடாதுன்னாங்க, அதுல நெறையப் பேருக்குக் கோவம். அவங்க வூட்டுக்காரரு ஆபீசுல வந்து ஒருக்கா அதிகாரம் பண்ணுனாரு. எல்லாரு முன்னாலயும், ‘நீங்க போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க’ன்னு சொல்லிப்போட்டாங்க. அதுல ஊருல இருக்கற ஆம்பளைங்களுக்கெல்லாம் கோவம், பொம்பளைங்களுக்கெல்லாஞ் சிரிப்பு. அப்பெல்லாம் ஊரு இப்படி வீதி பாத்துப் பிரிஞ்சு கெடக்கல. ஒவ்வொரு வீட்டுலயும் கொஞ்சம் மெச்சுவாங்க, கொஞ்சம் திட்டுவாங்க.

எல்லாம் அந்தச் சித்திரை மாசத்துல ஆரம்பிச்சுதுங்க.

வெயிலு கொளுத்துது. நான் காலைல கெழக்கு வீதியில கொழாயெல்லாம் ஒழுகுதான்னு பாத்துட்டுப் போறேன். என்ற அக்கா பாவாத்தா வாசல்ல நிக்கறா. அவ மாட்டுக் கொட்டாயியும் பிரிச்சதுல ஒண்ணு. என்னையப் பாத்ததும், ‘ஏண்டா, உங்க தலைவரம்மா ரோடு போட்டு என்னத்தக் கிழிச்சுப்போட்டா’ன்னா. அக்கம்பக்கத்துல நாலு பொம்பளைங்க சிரிச்சாங்க.

எனக்குக் காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி இருந்துச்சு. ஆனா நான் யாரையும் எதுத்துப் பேசமாட்டேன் தம்பி. அது எனக்குப் பழக்கமில்லை. பேசாம வந்தேன். மூடியத் தூக்குனேன். கெழக்கு வால்வ ஒரு அரைத் திருகுத் திருகுனேன். அவ்வளவுதான். அந்த அம்மிணி குடுக்கற தண்ணியக் குடிச்சுட்டு அந்த அம்மிணியவே பேசுனா அது நாயமில்லீங்களே. கூடப்பொறந்த அக்காவாச்சேன்னு நான் பாக்கல. நாயத்துல நான் சொந்தம் பாக்கறதில்லை.

அந்தப் பக்கம் கொறைஞ்சது இந்தப் பக்கம் எச்சாப் போச்சு. மேக்கு வீதியில செல்லாத்தான்னு ஒரு அம்மா, என்னையக் கண்டா ஒரு சொம்பு மோரு குடுக்கும். ‘இப்பெல்லாந் தண்ணி என்னமா வருது ஆறுக்குட்டி, தலைவரம்மா நல்லா இருக்கோணும்’னு சொல்லுச்சு. நல்லது சொல்றவங்களுக்கு நல்லது நடக்கோணுமா வேண்டாமா? வந்து இன்னும் கொஞ்சம் தொறந்து விட்டேன்.

இப்படித்தான் போயிட்டிருந்துச்சு. நம்புனா நம்புங்க, கெழக்கு வீதியில திட்டறது நாளுக்கு நாளு எச்சாகுது. தண்ணி சரியா வரலைன்னு அதுக்கும் சேத்து அந்த அம்மிணியத்தான் திட்டறாங்க. எனக்கு வயித்தெரிச்சல். இவ்வளவு நன்றிகெட்ட சனமான்னு இன்னொரு அரைத் திருகு. அதுக்கும் திட்டறாங்க. இந்தப் பக்கம் பாத்தா தலைவரம்மாவத் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. ஒரே அம்மிணி. ஒரே வேலை. அப்பத்தான் நான் மொத மொத யோசிச்சது, இதுக்குக் காரணம் வெயிலாத்தான் இருக்கோணும்னு.

மே தினத்துக் கிராம சபையில கெழக்கு வீதிப் பொம்பளைங்க காலிக் குடத்தையெல்லாங் கொண்டாந்து மேசை மேல அடுக்கிப்போட்டாங்க. மைக்கே தெரியல. அந்த அம்மிணி குடத்துக்கு நடுவால தலைய நீட்டி, ‘ஏனுங்ணா, கெழக்கு வீதிக்கு ஏன் தண்ணி வர்றதில்லை’ன்னு என்னையக் கேட்டாங்க. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. உங்களப் பேசுனதுக்குத்தானுங்க கொறைச்சேன்னு அத்தனை பேரு முன்னால சொன்னா அவங்களுக்குத்தான சங்கடம்? அவங்க மரியாதைய நாந்தான காப்பாத்தோணும்?

‘மேடுங்க அம்மிணி’ன்னேன். ‘கெழக்கு வீதி மேடு. தண்ணி ஏற மாட்டீங்குது.’

அங்க ஒரு பெரியவரு எந்திரிச்சு, ‘மழை பேஞ்சா மேக்கு வீதித் தண்ணியெல்லாம் எங்க வீதிக்குத்தான ஓடியாருது, அப்பறம் எப்படிய்யா எங்க வீதி மேடு’ன்னாரு. ‘அது மழைத் தண்ணி, இது கொழாத் தண்ணி’ன்னேன். அவரு உக்காந்துட்டாரு.

அந்த அம்மிணி எல்லாரையும் பாத்து, ‘ஆறுக்குட்டியண்ணன் இருவது வருசமாத் தண்ணி விடறவரு. அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மேட்டுக்குத் தண்ணி ஏத்தறதுக்கு நான் வழி பண்றேன்’னாங்க. எனக்கு நெஞ்சு இப்படி விரிஞ்சுபோச்சு.

வழியும் பண்ணுனாங்க. ஆபீசு ஆபீசா அலைஞ்சு, கெழக்கு வீதிக்குப் பெருசாப் புதுக் கொழாப் பதிக்க ஏற்பாடு பண்ணிட்டு வந்தாங்க. அவங்களே போட்ட ரோட்டத் தோண்டுனாங்க. கொழா வந்து எறங்குச்சு, இந்தத் தண்டி இருக்கும். பதிச்சாங்க. பதிக்கறப்ப அந்த அம்மிணி வெயில்ல நின்னு பாத்தாங்க, மூஞ்சியெல்லாங் கருத்துப்போச்சு. வீடு வீடாப் போயி, ‘மேடுங்க, அதனாலதான் பெரிய கொழா. இன்னைக்கில்லீன்னா நாளைக்கு ஏறிரும்’னு சொன்னாங்க. ஏறுமா? வால்வு இங்க இருக்குது.

அப்பத்தான் கெழக்கு வீதியில கமிசன்னு ஒரு பேச்சக் கெளப்புனாங்க. கொழாயில அடிச்சுட்டாங்களாமா. அந்த அம்மிணியோட கை சுத்தமுங்க, அது எனக்குத் தெரியும். புதுக் கொழாப் பதிச்சும் நன்றியில்லாம இப்படிப் பேசறாங்களேன்னு எனக்குத் தாங்க முடியல. அன்னைக்குத்தான் நான் கெழக்கு வால்வ முக்காவாசி மூடுனது. ரோடும் போச்சு, தண்ணியும் இல்லை. மழைக்காலம் வந்து தோண்டுன எடமெல்லாஞ் சேறு. அப்பவும் திட்டறத நிறுத்தல தம்பி. திட்டறதுக்கு அவங்களுக்கு எங்கிருந்துதான் தெம்பு வருதோ.

ஒரு சங்கடம் என்னன்னா, தலைவரம்மா வீடும் அதே வீதியில, அதுவும் கடைசியில. அவங்க வீட்டுக் கொழாயிலயும் காத்துதான் வருது. ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லலீங்க. மாமியாக்காரி நடக்க மாட்டாத மனுசி, அதுங்கூடச் சொல்லல. எனக்கு மனசு கேக்குமா? சைக்கிள்ல பின்னால ரெண்டு குடத்தக் கட்டி, இந்த டேங்க்குலயே புடிச்சு, தெனமும் அவங்க பின்வாசல்ல கொண்டுபோயி எறக்கினேன். அம்மிணிக்குத் தெரியாது. மாமியா மருமகள்கிட்டச் சொல்லியிருக்குமோ என்னமோ, மருமக நாளெல்லாம் ஆபீசு ஆபீசா அலையறவங்க, வீட்டுல தண்ணி இருக்குதுன்னா இருக்குதுன்னு போயிருவாங்க.

ஒரு நாளு பாவாத்தா பாத்துப்போட்டா. நான் சைக்கிள உருட்டீட்டுப் போறேன், பின்னாலயே வந்திருக்கறா. பின்வாசல்ல குடத்த எறக்கறப்போ வீதியே கேக்கற மாதிரி கத்துனா. ‘ஏண்டா, எங்களுக்கெல்லாம் மேடு, தலைவரு வீட்டுக்கு மட்டும் சைக்கிள்ல மேடேறுதா?’ன்னு. பொம்பளைங்கெல்லாம் ஓடியாந்துட்டாங்க. நான், ‘அக்கா, சாமி சத்தியமாச் சொல்றேன், இது நானாச் செய்யறது, அவங்களுக்குத் தெரியாது’ன்னேன். உள்ளதத்தான் சொன்னேன். ஒருத்தராச்சும் நம்போணுமே.

அப்பறம் என்னையத் தனியாக் கூப்பிட்டு, ‘ஆறுக்குட்டி, நீ வால்வ ஏதாச்சும் பண்றயா’ன்னு கேட்டா. எங்கம்மா மேல ஆணையாச் சொல்லுன்னா. ‘அவங்கவங்களுக்கு உண்டானத நான் விடறேன். அதுல ஒரு கொறையும் வெச்சதில்லை’ன்னேன். அதுவும் உள்ளதுதான். அன்னைலருந்து அவ என்ற வீட்டுக்கு வர்றதில்லை. தீவாளிக்குக்கூட வரல. எனக்கும் வருத்தந்தானுங்க. ஒருத்தரு ஒரு தலைவர ஆதரிச்சா, அதுக்காகக் கூடப்பொறப்ப வெட்டி விடுவாங்களா?

பனிக்காலத்துல எலெக்சன் வந்துச்சு. அம்மிணி நின்னாங்க. எதுத்துச் சென்னியப்பன் நின்னாரு. அவரு அரிசி மில்லு வெச்சிருக்கறவரு, நல்லாப் பேசுவாரு. அவரோட சின்னம் பூட்டு சாவி. ஆனா என்ன பண்ணுனாருங்கறீங்க, ஒரு பழைய சைக்கிளுக்குப் பின்னால ரெண்டு காலிக் குடத்தக் கட்டி ஊரெல்லாம் உருட்டீட்டுப் போனாரு. வேற ஒண்ணும் பேசல. சனம் கையத் தட்டித் தட்டிச் சிரிக்குது. பூட்டு சாவிச் சின்னத்துக்கும் சைக்கிளுக்கும் என்னங்க சம்பந்தம்? எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

ஓட்டுப் போடற நாளைக்கு நான் ஒரு யோசனை பண்ணுனேன். இது என்ற சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது. கெழக்கு வீதிக்குச் சுத்தமாத் தண்ணிய நிறுத்திட்டா, வரும் வரும்னு கொழாயடியிலயே காத்துக் கெடப்பாங்க, குளிக்காம எப்படிப் போறதுன்னு ஓட்டுப் போடப் போக மாட்டாங்க. மேக்கு வீதிக்குப் பூராத் தொறந்து விட்டா, நேரத்துலயே குளிச்சுக் கெளம்பிப் போயி நம்ம அம்மிணிக்குக் குத்திப்போடுவாங்க. ஒரு தலைவருக்காக ஒருத்தன் இந்த அளவுக்கு மண்டையப் போட்டு ஒடைப்பானான்னு நீங்களே சொல்லுங்க.

ஆனா சனத்தோட புத்தி இருக்குதே, அது நம்ம கைக்கு அடங்காதுங்க. கெழக்கு வீதியில விடியறதுக்குள்ள வீதியே தெரண்டு, குளிக்காமத் தலை சீவாம, காலிக் குடத்தோட போயி வரிசையில நின்னுட்டாங்க. கட்டில்ல கெடந்த கெழவிங்களைக்கூடச் சேர்ல தூக்கீட்டுப் போனாங்க. ஒரு ஓட்டு மிச்சமில்லை. மேக்கு வீதியில பொங்கலு வரப்போகுது, இவ்வளவு தண்ணி வருதேன்னு ஜமுக்காளம், போர்வை, தலகாணி உறை எல்லாத்தையும் எடுத்துப் போட்டுத் தொவைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் வீடு வீடாப் போயி, ‘ஓட்டு, ஓட்டு’ங்கறேன். ‘இருப்பா, இந்த ஒரு போர்வைய அலசிட்டு வர்றோம். அம்மிணி எப்படியும் ஜெயிச்சுருவாங்க, இந்த ஊருல அவங்கள யாரு வேண்டாங்கறா’ன்னு செல்லாத்தா சொல்லுச்சு. வீதி பூராப் போர்வை காயுது. பாதிப் பேரு போகவேயில்லை.

அம்மிணி தோத்துப்போச்சு. சொற்ப ஓட்டுலதான். அன்னைக்கு நான் சோறு திங்கல.

பதவி ஏத்த மறுநாளு சென்னியப்பன் இங்க வந்தாரு. தனியாத்தான் வந்தாரு. மூடியத் தூக்கச் சொன்னாரு. குனிஞ்சு பாத்தாரு. கைய விட்டு வால்வத் தொட்டுப் பாத்தாரு.

‘ஏப்பா, இது மூடிக் கெடக்குதே’ன்னாரு.

‘ஆமாங்க, மூடித்தானுங்க இருக்குது.’

‘யாரு மூடுனா?’

‘நாந்தானுங்க.’

‘எதுக்கு?’

அம்மிணியப் பேசுனதுக்குன்னு அவருகிட்டப் போயிச் சொல்ல முடியுங்களா? ‘மேடுங்களே’ன்னேன். அந்த மனுசன் என்னையவே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறஞ் சிரிக்க ஆரம்பிச்சவரு நிக்க முடியாம இந்தத் திட்டுல உக்காந்துட்டாரு. கண்ணத் தொடச்சுக்கிட்டு, ‘நாளைக்குக் காலைல பூராத் தொறந்து விடு. யாருகிட்டயும் மூச்சு விடாதே’ன்னாரு. நானும் ஒருத்தரத் தவிர யாருகிட்டயுஞ் சொன்னதில்லை. நீங்க வெளியூரு, அதனால சொல்றேன்.

மறுநாளு பாக்கோணுமே. கெழக்கு வீதிக் கொழாயடியில வாழைமரங் கட்டி, தேங்கா ஒடைச்சு, சென்னியப்பன் மாலையோட நிக்கறாரு. ரெண்டு வால்வையும் பூராத் தொறந்து விட்டுட்டு நானும் அங்க ஓடுனேன். அந்தப் பெரிய கொழாயில தண்ணி வந்துச்சு பாருங்க, கொழாயடியில நின்ன சனம் நனைஞ்சு போச்சு. ‘வந்த ஒடனே மேட்டுக்குத் தண்ணிய ஏத்திப்போட்டாரு’ன்னு ஒரே சத்தம். பொம்பளைங்க குலவை போட்டாங்க. அந்த வரிசையில கமலவேணி அம்மிணியும் குடத்தோட நின்னுட்டிருந்தாங்க. சத்தம் அப்படியே அடங்கிப்போச்சு. அவங்க யாரையும் பாக்கல, கொழாயவே பாத்துட்டு நின்னாங்க. அவங்க பதிச்ச கொழா அது. பாவாத்தா அவங்க குடத்த வாங்கி மொதல்ல புடிச்சுக் குடுத்தா.

அவங்க அந்தக் குடத்த எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகல. நேரா இங்க வந்தாங்க. நான் அவங்களுக்கு முன்னாலயே திரும்பி வந்து கம்பியோட நிக்கறேன்.

‘அண்ணா, மேடு எங்க போச்சு?’ன்னு கேட்டாங்க.

சென்னியப்பன் சொல்லக்கூடாதுன்னாருதான். ஆனா இவங்ககிட்ட மறைக்கறதா? இத்தனை நாளா நான் அவங்களுக்காகச் செஞ்சதெல்லாம் அவங்களுக்கே தெரியாதே. எல்லாத்தையுஞ் சொன்னேன். அக்கா பேசுனது, அரைத் திருகு, கமிசன் பேச்சு, முக்காவாசி மூடுனது, ஓட்டு நாளு போட்ட யோசனை, ஒண்ணு விடாமச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அவங்க குடத்த எறக்கி வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. அப்பறங் கண்ணு ரெண்டும் நெறைஞ்சு வழிஞ்சுது. நமக்காக இப்படி ஒருத்தன் இருந்திருக்கறானே, இத்தனை நாளாத் தெரியாமப் போச்சேன்னு அவங்களுக்கு. எனக்குந் தாங்கல, நானும் அழுதேன்.

‘வீடு வீடாப் போயி மேடு மேடுன்னு சொன்னனேண்ணா’ன்னாங்க.

‘ஆமாங்கம்மிணி. என்னைய விட்டுக்குடுக்காமப் பேசுனீங்க. அத நான் மறப்பனா?’

அவங்க மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாங்க. ‘இனி யாருக்காகவும் அந்த வால்வத் திருகாதீங்கண்ணா.’

‘சரிங்கம்மிணி. உங்களுக்காக இனித் திருகறதில்லை’ன்னேன். ‘அப்ப உங்களுக்கு நான் வேற என்னதான் செய்யறது? சொல்லுங்க. சும்மா இருக்க என்னால முடியாது.’

குடத்தத் தூக்கி இடுப்புல வெச்சுட்டு நாலு எட்டு நடந்தாங்க. நடந்தவங்க நின்னாங்க. எதையோ யோசிச்சாங்க. அப்பறந் திரும்பி, நெதானமா, ‘சென்னியப்பனுக்கு விசுவாசமா இருங்கண்ணா’ன்னாங்க. ‘எனக்கு எப்படி இருந்தீங்களோ, அப்படியே அவருக்கும் இருங்க.’

தம்பி, இப்ப நெனைச்சாலும் எனக்கு ஒடம்பு சிலுக்குது. தன்னையத் தோக்கடிச்சவனுக்கு விசுவாசமா இருன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? எவ்வளவு பெரிய மனசு அது. அந்த அம்மிணிய இந்த ஊரு தோக்கடிச்சுப்போட்டுதே.

அவங்க சொன்ன சொல்ல நான் தட்டமாட்டேன். இப்ப சென்னியப்பன்னா எனக்கு உசுரு. அவரு நல்லாச் செய்யறாருன்னே எழுதிக்கங்க. கெழக்கு வீதியில எல்லாரும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. அந்தச் சனத்துக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குது. மேக்கு வீதிதான் கெட்டுப்போச்சுங்க. நேத்து அந்தப் பக்கம் போறேன், செல்லாத்தா மோரு குடுக்கறதுக்குப் பதிலா, ‘இந்தச் சென்னியப்பன் வந்ததுல இருந்து தண்ணி முந்தி மாதிரி வர்றதில்லை, இவனெல்லாம் ஒரு தலைவரா’ன்னு வாசல்ல நின்னு பேசுது. பக்கத்து வீட்டுக்காரங்களும் ஆமாம் ஆமாங்கறாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா நான் எதுத்துப் பேசல.

டேங்க்கு நெறைஞ்சுருச்சு, வழியற சத்தங் கேக்குதுங்களா? உங்களுக்குப் பின்னால அந்தக் கம்பி சாத்தியிருக்குது பாருங்க, சித்தெ எடுங்க. காலக் கொஞ்சம் நகத்துங்க தம்பி, மூடியத் தூக்கோணும். இல்லீங்க, கெழக்கு வால்வு இல்லை, இந்தப் பக்கத்தது. மேக்கு வீதி இப்பச் சித்தெ மேடாயிட்டு வருதுங்க.